காந்தத்தில் ஒட்டாத கம்பி

கட்டை மாமா,

இன்று காலையில் சாமி மேடையைத் துடைக்கும்போது திருநீற்றுக் கிண்ணத்தைத் தட்டிவிட்டேன். திருநீற்றோடு சேர்ந்து உங்கள் கம்பி வளையங்கள் மூன்றும் தரையில் விழுந்து உருண்டன. இரண்டு என் காலடியிலேயே கிடந்தன. ஒன்று மட்டும் ஓடிப்போய் அலமாரிக்கு அடியில் படுத்துக்கொண்டது. விளக்குமாற்றை விட்டு அதை வெளியே இழுப்பதற்குள் என் முட்டிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. எடுத்து ஊதி முந்தானையில் துடைத்தேன். சின்னப் பிள்ளையின் வளையல் அளவுதான் இருக்கும். நெருப்பில் கிடந்து கறுத்த கம்பி, மேலும் கீழும் நெளிந்து நெளிந்து ஒரு வட்டம். "உயிரோட இருந்தப்பவும் ஒரு எடத்துல ஒக்காரல, இப்பவும் ஒக்காரமாட்டீங்களா" என்று அதைப் பார்த்துத் திட்டினேன். திட்டிவிட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்புதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. நாலு மாதத்துக்கு முன்பு வரைக்கும் இந்த வளையத்தைப் பார்த்தாலே எனக்குச் சோறு இறங்காது. இப்போது இறங்குகிறது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவள், எழுத்தில் பிழை இருக்கும். நீங்கள் ஐந்தாவதோடு நின்றவர், உங்களுக்குத் தெரியப் போவதில்லை.

கட்டை மாமா என்று நான் கூப்பிடுவது வீட்டுக்குள் மட்டும்தான். என்னைவிட நாலு விரல் உயரம் குறைந்த மாப்பிள்ளை என்பதால் கல்யாணப் படம் எடுத்தவர் உங்களைப் பலகை மேல் ஏறி நிற்கச் சொன்னார். நீங்கள் மாட்டேன் என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். அன்றைக்கே பெயர் வைத்துவிட்டேன். வெளியில் யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரிந்தால் தெரியட்டும்.

எல்லாம் உங்கள் தொண்டையில்தான் ஆரம்பித்தது. அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் தேர் இழுக்கும்போது நீங்கள் கத்திய கத்தல் நம் ஊர் பெம்பான் முழுக்கக் கேட்டிருக்கும். மறுநாள் குரல் கம்மிவிட்டது. திருவிழாத் தொண்டை என்றார்கள். நம் ஆட்களுக்கு அதில் ஒரு பெருமை. எவனுக்குக் குரல் போகவில்லையோ அவன் வடத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு வந்தவன் என்று கிண்டல் செய்வார்கள். ஒரு வாரத்தில் மற்ற எல்லாருக்கும் குரல் திரும்பியது. உங்களுக்குத் திரும்பவில்லை. ஒரு மாதம் ஆயிற்று, மூன்று மாதம் ஆயிற்று. நான் பாலில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அம்மன் கேட்டு வாங்கிக்கொண்டாள், அடுத்த திருவிழாவில் திருப்பிக் கொடுப்பாள் என்று உங்கள் அக்கா சொன்னார். நீங்களும் அதைப் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள்.

முதுகு நடுவிலும் ஒரு வலி இருந்தது. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டுகிறவனுக்கு முதுகு வலிக்காமல் பல்லா வலிக்கும் என்று கேட்டீர்கள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். கடைசியில் உங்களைக் கிளினிக்குக்கு அனுப்பியது நான் இல்லை, உங்கள் தவுக்கேதான். போனில் நீங்கள் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் கத்தினார். பொண்டாட்டி சொன்னால் போகாத மனிதர், முதலாளி சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு போனீர்கள்.

தொண்டைக்குப் போனவரை நெஞ்சுக்குப் படம் எடுத்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு மலாக்காவுக்கு அனுப்பினார்கள். மலாக்காவில் பெரிய ஸ்கேன் எடுத்துவிட்டு கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு தொண்டைக்கு இவ்வளவு ஊரா என்று நான் நினைத்தேன்.

கோலாலம்பூரில் இருந்த டாக்டர் ஒரு மலாய்ப் பெண். நம் மகனைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். நமக்குப் புரிகிற மலாயில் நிதானமாகச் சொன்னார். ஒரு தாளில் இருதயத்தை வரைந்தார். அதிலிருந்து ஒரு பெரிய குழாய் மேலே போய், கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து, முதுகு ஓரமாகக் கீழே இறங்குகிறது. உடம்பு முழுவதற்கும் ரத்தம் அதில்தான் போகிறது. உங்களுக்கு அந்த வளைவு முடிகிற இடத்தில் குழாயின் சுவர் மெலிந்து வீங்கியிருந்தது. குரலுக்குப் போகிற நரம்பு அந்த வளைவைச் சுற்றித்தான் போகிறதாம். வீக்கம் அதை அழுத்தியதால்தான் குரல் போனது. தேர் வடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

நீங்கள் உடனே பிடித்துக்கொண்டீர்கள். டயர் பக்கவாட்டில் புடைத்துக்கொண்டு வருமே, அந்த மாதிரியா என்று கேட்டீர்கள். அதேதான் என்றார் டாக்டர். அந்த டயரோடு லோரியை எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்று உங்களையே திருப்பிக் கேட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. டயரைப் பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

நெஞ்சைப் பிளக்க வேண்டாம் என்றார். இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரியை எடுத்து மேசை மேல் வைத்தார். வெள்ளைத் துணியில் ஒரு குழாய். அது மடங்கிப் போகாமல் இருக்க வளையம் வளையமாகக் கம்பி தைத்திருந்தது. அதை ஒல்லியாகச் சுருட்டி, தொடை இடுக்கில் இருக்கிற ரத்தக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய், வீங்கிய இடத்தில் குடை மாதிரி விரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ரத்தம் துணிக் குழாய்க்கு உள்ளேயே போய்விடும். வீங்கிய சுவருக்கு வேலை இல்லை, அழுத்தம் இல்லை. நான் அந்த மாதிரியை வாங்கி அமுக்கிப் பார்த்தேன். கையை எடுத்ததும் டக்கென்று விரிந்துகொண்டது. நீங்கள் மூன்று தரம் அமுக்கினீர்கள். டாக்டர் சிரித்துக்கொண்டே திருப்பி வாங்கி வைத்தார்.

பிறகு ஆபத்தையும் சொன்னார். முதுகுத் தண்டுக்குப் போகிற ரத்தமும் அந்தப் பக்கம்தான் போகிறது. சிலருக்கு அது குறைந்து கால் வராமல் போகலாம். எல்லாருக்கும் அப்படி ஆகாது, அதற்கும் முன்னேற்பாடு செய்வோம், ஆனால் சொல்லாமல் இருக்கக்கூடாது என்றார். அந்த ஒரு வார்த்தையோடு உங்கள் முகம் மூடிக்கொண்டது.

மூன்று வாரம் மாட்டேன் என்றே இருந்தீர்கள். உங்கள் அக்கா தினமும் வந்தார். நான் காப்பி கலக்கிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னார், "ஒடம்புக்குள்ள கம்பிய வெச்சுக்கிட்டுப் போனா நாளைக்கு கட்ட ஒழுங்கா வேகாதுடா தம்பி." நீங்கள் ஆமாம் என்று தலையாட்டினீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் அக்கா பேச்சுக்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசியதில்லை. அன்றைக்குக் காப்பியை வைத்துவிட்டு, "வேகுறதப் பத்தி அப்பறம் பாக்கலாம் அண்ணி, இப்ப அவரு இருக்குறதப் பத்திப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நீங்கள் காரணத்தைச் சொன்னீர்கள். கம்பியும் இல்லை, கட்டையும் இல்லை, கால்தான். கால் இல்லாவிட்டால் கிளட்ச்சை எப்படி மிதிப்பது, லோரி ஓட்டாவிட்டால் நான் யார் என்று அந்தக் கம்மிய குரலில் கேட்டீர்கள். எனக்குப் பெரிய பேச்செல்லாம் வராது. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கால் போனா நான் தூக்கி வெச்சுப் பாத்துக்குவேன். நீங்க போயிட்டா, வாசல்ல கெடக்குற செருப்ப வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

நீங்கள் வாசலைத் திரும்பிப் பார்த்தீர்கள். செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது. எழுந்து போய் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, தேதி வாங்கச் சொல் என்றீர்கள். நான்தான் உங்களை அந்த ஆபரேசன் கட்டிலில் ஏற்றினேன். அதை நான் மறக்கவும் இல்லை, மற்றவர்கள் என்னை மறக்க விடவும் இல்லை.

உள்ளே கொண்டுபோன அன்றைக்கு நான் எந்தச் சாமியைக் கும்பிட்டேன் என்றுகூட நினைவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த ஒரு மலாய் அம்மா குவே பலகாரம் ஒன்றை என் கையில் வைத்து அழுத்தினார். அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உங்களை வெளியே தள்ளிக்கொண்டு வந்தபோது அது என் கையில் மாவாகியிருந்தது. டாக்டர் உங்கள் காலடியில் நின்று விரலை அசைக்கச் சொன்னார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி சொன்னார். வலது கால் பெருவிரல் அசைந்தது. பிறகு இடது. பிறகு பத்தும் பியானோ வாசிக்கிற மாதிரி ஆடின. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். நீங்கள் கண்ணைத் திறந்து முதலில் சொன்னது, "லோரி சாவிய எவன்கிட்ட குடுத்த?"

வீட்டுக்கு வந்த பிறகு நடந்த கூத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்புத்தான். நெஞ்சு ஆபரேசன் என்றதும் சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஆரஞ்சுமாக வந்து இறங்கினார்கள். சட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். நெஞ்சில் ஒரு கீறல் இல்லை. எங்கே தையல் என்று கேட்டார்கள். அதைக் காட்ட முடியாத இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் எழுந்து அடுப்படிக்குப் போனார்கள். உங்கள் அக்கா மட்டும் கடைசி வரைக்கும் நம்பவில்லை. ஆபரேசனே நடக்கவில்லை, ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்னார். அப்புறம் உங்களுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அந்தக் கம்பிதான் காரணம் என்றார். இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குரல் திரும்பவில்லை. அழுத்திய நரம்பு அழுத்தியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேரப்பிள்ளைகள் உங்களைப் பழைய ரேடியோ என்றார்கள். குலை லோரியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூட வேன் ஓட்டினீர்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு இருபது பிள்ளைகளை எப்படி அடக்குகிறீர்கள் என்று கேட்டேன். மெதுவாகப் பேசினால் அதுகளே வாயை மூடிக்கொண்டு கேட்கிறது, முப்பது வருடம் கத்தியதெல்லாம் வீண் என்றீர்கள். ஏழு வருடம் மாமா. மகளின் கல்யாணம், இரண்டு பேரப்பிள்ளைகள், சாயங்காலம் வாசலில் பால் ஊற்றாத தெ ஓ டீ. எல்லாம் அந்தத் துணிக் குழாய்க்குள் ஓடியதுதான்.

ஒரே ஒரு நிபந்தனை. வருடத்துக்கு ஒரு தரம் கோலாலம்பூர் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும். குழாய் வைத்த இடத்தில் இருக்கிறதா, நகர்ந்ததா, ஓரத்தில் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். உயிர் உள்ள வரைக்கும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை நான் மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன். ஐந்து வருடம் நானும் கூட வந்தேன். பிறகு என் முட்டி பஸ் படி ஏற மறுத்தது. ஸ்கேன் படமும் ஆஸ்பத்திரிக் கார்டும் வைத்திருந்த நீலக் கோப்பு ஒன்றை உங்கள் கையில் கொடுத்து நான் வாசலோடு நின்றுகொண்டேன். இரண்டு வருடமும் பொழுது சாய வந்தீர்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க, நீ சும்மா தொணதொணக்காத" என்றீர்கள். கையில் ஒரு பை மீன் வேறு. வருகிற வழியில் பாசாரில் வாங்கியதாகச் சொன்னீர்கள். நானும் குழம்பு வைத்தேன்.

போன வருடம் அந்தக் காய்ச்சல் வந்தது. இருமல், மூச்சு வாங்கல், நுரையீரலில் சளி கட்டிவிட்டது என்று மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பழைய சீட்டெல்லாம் கேட்டார்கள். மகன் நீலக் கோப்பைக் கொண்டுவந்தான். கார்டை எடுத்துக் கொடுக்கும்போது பார்த்தேன். ஐந்து வருடத்துக்கும் முத்திரை இருந்தது. கடைசி இரண்டு தேதிக்கு எதிரே வெறும் கட்டம்.

நீங்கள் மூக்கில் குழாயோடு படுத்திருந்தீர்கள். உங்களிடம் கேட்கவில்லை. டாக்டரிடமும் கேட்கவில்லை, அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். மூன்றாம் நாள் மத்தியானம் என் கையைப் பிடித்தபடியே போய்விட்டீர்கள். வராந்தாவில் உங்கள் அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார், "அந்தக் கம்பி நவுந்துருச்சு. வேணாம் வேணாம்னவன நீதான் புள்ள இழுத்துக்கிட்டுப் போன." என் மனதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. கட்டிலில் ஏற்றியவள் நான். கடைசி இரண்டு வருடம் கூடப் போகாமல் வாசலில் நின்றவளும் நான்.

எலும்பு பொறுக்குகிற அன்றைக்குத் தகனக் கூடத்துக்குள் பெண்கள் போகக்கூடாது என்றார்கள். நான் வேனில் உட்கார்ந்திருந்தேன், உங்கள் வேனில்தான். மகன் பால் ஊற்றி, கால் பக்கமிருந்து எலும்பெடுத்து, சட்டியில் மூடிக்கொண்டு வந்தான். எல்லாம் ஒழுங்காக முடிந்ததா என்று கேட்டேன். முடிந்தது என்றான். அங்கே வேலை செய்கிறவர் சவப்பெட்டி ஆணிகளைக் காந்தத்தால் எடுத்துவிட்டார், ஏதோ மாலைக் கம்பி மட்டும் காந்தத்தில் ஒட்டவில்லை, அதைக் கையால் பொறுக்கிக் குப்பையில் போட்டார் என்றான்.

மாலைக் கம்பி எந்தப் பக்கம் கிடந்தது என்று கேட்டேன். நெஞ்சு எலும்புப் பக்கம் என்றான்.

மாலையை எல்லாம் பெட்டியை மூடும் முன்பே எடுத்துவிட்டோம். என் கைதான் எடுத்தது. "போய் எடுத்துக்கிட்டு வாடா" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, ஒன்றும் கேட்காமல் ஓடினான். ஆணியும் சாம்பலும் காய்ந்த பூவுமாகக் கிடந்த தொட்டியைக் கிளறி, மூன்று வளையத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தான். மற்றவை கிடைக்கவில்லை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. துணி எரிந்து போயிருந்தது. நெளிவு அதே நெளிவு. அமுக்கிப் பார்த்தேன். அந்தத் துள்ளல் மட்டும் இல்லை. உங்கள் கட்டை நன்றாகத்தான் வெந்திருந்தது மாமா, கம்பிதான் வேகவில்லை.

அஸ்தியைக் கடலில் விட்டோம். வளையத்தை மட்டும் விட மனம் வரவில்லை. நகர்ந்ததா நகரவில்லையா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன், பதில் சொல்கிற பொருள் போல. கருமாதி முடிந்து மாதக் கணக்கில் ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை. கடைசியில் மகன் என் தட்டைப் பார்த்துவிட்டுக் கோலாலம்பூருக்குப் போன் போட்டான். அவனே காரில் கூட்டிக்கொண்டு போனான்.

அதே டாக்டர். கண்ணாடி போட்டிருக்கிறார் இப்போது. நான் கைக்குட்டையைப் பிரித்து வளையத்தை மேசையில் வைத்தேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். பிறகு, இவ்வளவு வருடத்தில் நான் வைத்த குழாய் என்னிடம் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவை என்றார். நான் நேராகக் கேட்டுவிட்டேன், குழாய் நகர்ந்துதான் செத்தாரா என்று.

மலாக்காவில் கடைசியாக நெஞ்சுக்கு எடுத்த ஸ்கேன் அவர் கம்ப்யூட்டருக்கு வந்திருந்தது. ஒரு பக்கம் ஏழு வருடத்துக்கு முந்தைய படம், ஒரு பக்கம் அது. இரண்டிலும் வெள்ளை வெள்ளையாக நெளிந்த வளையங்கள் ஒரே இடத்தில் நின்றன. எந்த எலும்புக்கு நேரே வைத்தாரோ அதே எலும்புக்கு நேரே. கசிவு இல்லை. வெளியே இருந்த வீக்கம் வற்றிச் சுருங்கியிருந்தது. பிறகு நுரையீரலைக் காட்டினார். அது முழுக்கப் பஞ்சு அடைத்த மாதிரி வெள்ளை. உங்கள் கணவரைக் கொண்டுபோனது இது, அது இல்லை என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

நான் கார்டை எடுத்து அந்த வெறும் கட்டங்களைக் காட்டினேன். வந்திருக்கத்தான் வேண்டும் என்றார், அதை அவர் மழுப்பவில்லை. இரண்டு தரமும் போன் செய்தார்களாம், நீங்கள் எடுக்கவில்லையாம். அப்புறம் பெரியம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி மக்சிக் என்று கூப்பிட்டு, என் கையைப் பிடித்துச் சொன்னார், "வந்திருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன் மக்சிக். நல்லா இருக்கு, அடுத்த வருசம் வாங்க."

அழவில்லை மாமா. பசித்தது. கீழே கேன்டீனில் ஒரு தட்டு சோறு சாப்பிட்டு இன்னும் ஒரு தட்டு வாங்கிவரச் சொன்னேன். மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உங்கள் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் வாதாடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவரோ வளையத்தைக் காட்டச் சொன்னார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்துனூண்டு கம்பியா ஏழு வருசம் என் தம்பியப் புடிச்சு வெச்சிருந்துச்சு" என்றார். திருநீறு எடுத்து அதன் மேல் பூசி என்னிடம் கொடுத்தார். பிறகு, "சாப்டியா" என்று கேட்டார். உங்கள் அக்காவிடமிருந்து அதற்கு மேல் என்ன வேண்டும்.

ஒரு கணக்கு மட்டும் மிச்சம் இருந்தது. அந்த இரண்டு நாளும் நீங்கள் எங்கே போனீர்கள்? வேறு மாதிரி சந்தேகமெல்லாம் வரவில்லை, இந்தக் குரலுக்கு எவள் மயங்குவாள். நீலக் கோப்பை முழுக்கப் பிரித்துப் பார்த்தேன். அடி மூலையில் மிளகாய்ச் சம்பால் கறை, எண்ணெய் ஊறிப்போயிருந்தது. உள்ளே ஸ்கேன் படங்களுக்கு நடுவே கோலாலம்பூர் போகிற பஸ் டிக்கெட் ஒன்று, கிழிக்காதது. நீங்கள் தனியாகப் போன முதல் வருடத்துத் தேதி. இரண்டாம் வருடத்துக்கு டிக்கெட்டே இல்லை. மீனும் சம்பாலும் சேர்ந்தால் எனக்குக் கடலோரத்து உம்பாய்தான் ஞாபகம் வரும். கல்யாணமான புதிதில் லோரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கேதான் சுட்ட மீன் வாங்கிக் கொடுத்தீர்கள்.

மறுவாரம் போனேன். மூன்றாவது கடையில் வயதான மலாய்க்கார பாக்சிக் ஒருவர் உங்கள் படத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பேசினால் காற்று மட்டும் வருமே, அவரா என்றார். வேன் ஓட்டாத நாளில் எப்போதாவது வருவீர்களாம். இரண்டு தரம் மட்டும் கையில் நீலக் கோப்போடு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு காலையிலேயே வந்து சாயங்காலம் வரைக்கும் இருந்தீர்களாம். கடைசி மேசையில் உட்கார்ந்து மீன் தின்று, படகு பார்த்து, நாற்காலியிலேயே தூங்கி எழுந்தீர்களாம். கோப்பில் என்ன என்று அவர் கேட்டபோது படத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்து, "என் உள்ளே இருக்கிற கம்பி, டயரைவிட உறுதி" என்று காட்டினீர்களாம். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பதாக வீட்டில் பொண்டாட்டி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றும் சொன்னீர்களாம். அதைச் சொல்லும்போது பாக்சிக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. இறந்துவிட்டீர்கள் என்றதும் எழுந்து போய் ஒரு மீனைச் சுட்டுக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

உங்கள் மேசையில்தான் உட்கார்ந்தேன். ஒரு வளையத்தை அந்தக் கடலில் விட்டுவிடலாம் என்றுதான் கொண்டுபோயிருந்தேன். அஸ்தியை இங்கேயே விட்டிருக்கலாமே என்று தோன்றியது. மீனைத் தின்று முடித்தேன். சம்பால் நன்றாகத்தான் இருந்தது, உங்கள் மேல் கோபத்தை எவ்வளவு முயன்றும் பிடித்து வைக்க முடியவில்லை. வளையத்தை மறுபடி கைப்பையில் போட்டுக்கொண்டு, முட்டியைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது மூன்றும் திருநீற்றுக் கிண்ணத்தில் இருக்கின்றன. எனக்கும் பிரஷர் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். கிளினிக் போகிற நாளில் ஒரு வளையத்தை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வேன். என் கார்டில் ஒரு கட்டமும் காலி இல்லை. செருப்பு வாசலிலேயே இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் பார்க்கும்போது பயம் இல்லை. ஏழு வருடம் தேய்ந்த செருப்பு அது.

ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். முதல் வருடம் டிக்கெட் வாங்கியும் பஸ் ஏறவில்லையே, அது டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்ற பயம் என்று வைத்துக்கொள்கிறேன், எனக்கும் அந்தப் பயம் தெரியும். இரண்டாம் வருடம் டிக்கெட்கூட வாங்காமல், நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நேராகக் கடலுக்கே போனீர்களே. அது பயம் உங்களை விட்டுப் போய்விட்டதாலா, கட்டை மாமா?